கிராம சபையில் பேச வேண்டும்: வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பா?

மேட்டுத்தெரு_குழு:
எங்கள் தெருவில் கடைசி பதினொரு வீட்டுக்குத் தொட்டித் தண்ணீர் ஏறுவதே இல்லை. அக்டோபர் 2 கிராம சபையில் நான்தான் பேச வேண்டும் என்று மகளிர் குழுவில் முடிவு செய்துவிட்டார்கள். போன வாரம் ஒரு பயிற்சியில், 'பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55' என்றார்கள். கண்ணாடி முன் நின்று கையை வீசிப் பார்த்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "யாரை அடிக்கப் போற?" என்றார். எழுதி வைத்த 4 பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடவா?

பழைய_செயலர்:
அம்மா, 19 வருஷம் ஊராட்சிச் செயலராக இருந்து தீர்மானப் புத்தகம் எழுதியவன் நான். அந்தப் புத்தகத்தில் யாருடைய கையசைவையும் எழுதியதில்லை.

ஒருமுறை ஒருவர் அரை மணி நேரம் முழங்கினார். நல்ல கைதட்டல். கடைசியில் நான் எழுத முடிந்தது, 'குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது'. அவ்வளவுதான். அடுத்து எழுந்த அம்மாவுக்குக் குரலே நடுங்கியது. "காலையில் வீட்டுக்கு மூன்று குடம்தான் வருது. கோயில் முக்கில் ஒரு கேட் வால்வு போட்டுக் கொடுங்க" என்றார். அதை அப்படியே தீர்மானமாக எழுதினேன். நான்கு பக்கம் வேண்டாம். எத்தனை வீடு, எத்தனை குடம், என்ன வேண்டும். கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மைக் எப்போது கைமாறும் என்று சொல்ல முடியாது.

உளவியல்_வாசகன்:
அந்த 7-38-55 கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் ஆய்வாளருடையது, 1967இல் வந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்டது. ஒன்றில் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டார்கள். இன்னொன்றில் ஒரே சொல்லோடு முகப் புகைப்படங்களைக் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா என்று ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கணிக்க வேண்டும். மேடைப் பேச்சை யாரும் அளக்கவில்லை. உணர்ச்சி பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் இது என்று அவரே சொல்லியிருக்கிறார். "எனக்கொன்றும் கோபமில்லை" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பாத்திரத்தை நங்கென்று வைத்தால், நாம் நம்புவது பாத்திரத்தைத்தானே? அந்த மாதிரி இடத்துக்கான கணக்கு. வால்வு இரண்டு அங்குலமா மூன்று அங்குலமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பழைய_செயலர்:
அப்புறம் ஒன்று. "உங்க தெருவுக்கு மட்டும்தானா?" என்று யாராவது நிச்சயம் கிளப்புவார்கள். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் கூட்டத்துக்கு வரட்டும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும்.

மேட்டுத்தெரு_குழு:
நன்றி ஐயா. அரைப் பக்கமாகச் சுருக்கி மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி. டேங்க் ஆப்பரேட்டரை எதுக்கு இழுக்கிற? அவன் அக்கா நம்ம குழுவுலதான இருக்கா" என்றார். அந்த வரியையும் அடித்துவிட்டேன்.