புதுப்பிப்பு: நியூசிலாந்து விமான நிலைய 400 டாலர் அபராதத்துக்கு மேல்முறையீடு

பையில் உணவு இருந்தும் பயணி அறிவிப்பில் ‘இல்லை’ என்று குறித்தவர்களுக்கு விதிக்கும் அபராதம் இது. இதை எதிர்ப்பவர்கள் “முதலில் கட்டிவிட்டுப் பிறகு முறையிடலாம்” என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு, மன்னிக்கவும். தொகையைக் கட்டினால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். எதிர்ப்பதாக இருந்தால் கட்டாமல், நோட்டீஸில் அச்சிட்ட கெடு தேதிக்குள் எழுத வேண்டும். கெடு தப்பினால் வசூல் நீதிமன்றம் வழியாகப் போகும்.

எதிர்க்க இரண்டு வழிகள் உண்டு: இந்த அபராதத்தை விதிக்கும் முதன்மைத் தொழில் அமைச்சகத்திடம் எழுத்தில் மறுபரிசீலனை கேட்பது, அல்லது மாவட்ட நீதிமன்ற விசாரணை கேட்பது. நீதிமன்றத்தில் தோற்றால் செலவுத்தொகையும் தலையில் விழலாம். ஆகவே முதலில் கடிதம்தான் நல்லது.

கடிதத்தில் பலரும் சறுக்கும் இடம் ஒன்றுதான். “மறந்துவிட்டேன்”, “விமானத்தில் கொடுத்த ஆப்பிள்தானே” என்று எழுதுகிறார்கள். 1993 உயிரிப்பாதுகாப்புச் சட்டப்படி (வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் சட்டம்) தவறான அறிவிப்புக்கு உள்நோக்கம் தேவையே இல்லை. உணவு இருந்து ‘இல்லை’ என்று குறித்திருந்தால் போதும். ‘மறந்துவிட்டேன்’ என்ற வரி உங்களுக்கு எதிரான ஒப்புதலாகவே நிற்கும். எடுபடுவது வேறு: உண்மையில் ‘ஆம்’ என்று குறித்திருந்தது, பை வேறொருவருடையது, நோட்டீஸில் பொருளோ பெயரோ பிழை. நோட்டீஸ் எண், விமான எண், தேதி, ஆன்லைன் பயணி அறிவிப்பின் நகல் நான்கையும் சேர்த்து ஒரே பக்கத்தில் முடியுங்கள்.

கறிவேப்பிலையை அறிவிக்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: ஒரு கொத்தானாலும் ‘ஆம்’ என்றே குறியுங்கள். எலுமிச்சை இனங்களைத் தாக்கும் சாறுறிஞ்சும் பூச்சி அதில் வளரும். அறிவித்த பொருளைப் பறிமுதல் செய்தாலும் இந்த அபராதம் வராது.