ஈராசிரியர் பள்ளியை இணைக்கப் போவதாகப் பேச்சு: ஆகஸ்ட் 1க்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி: ஏரிக்கரை

தருமபுரி மாவட்டத்தில் நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு குக்கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை 23 பிள்ளைகள். ஒரு தலைமையாசிரியர், ஒரு இடைநிலை ஆசிரியர். டிசம்பரிலிருந்து இடைநிலை ஆசிரியரை வாரத்தில் மூன்று நாள் மாற்றுப் பணி என்று வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வரும் ஜூனில் ஐந்தாவது முடித்து 6 பேர் போகிறார்கள், ஒன்றாவதுக்கு இதுவரை உறுதியானது 3 பேர்தான். 20க்குக் கீழே போனால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நடுநிலைப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. எழுத்தில் எதுவும் வரவில்லை.

20 என்று ஒரு கணக்கு உண்மையிலேயே உண்டா? இணைப்பதை முடிவு செய்வது யார்? பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டால் அதற்கு மதிப்பு உண்டா, எப்படி எழுதணும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய பதிவேடு

மூன்று விஷயத்தை ஊரில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம், காலிப் பணியிடம், மாற்றுப் பணி. மூன்றும் வேறு வேறு.

பணியிடக் கணக்கு கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. பிள்ளை எத்தனை குறைந்தாலும் முதல் படி 60 வரைதான், 20 என்ற எல்லை இந்த அட்டவணையில் இல்லை. 17 பிள்ளை இருந்தாலும் உங்கள் பள்ளிக்கு இரண்டு பணியிடம் உண்டு. பிள்ளை குறைந்ததால் ஒரு ஆசிரியர் போதும் என்று யாராவது சொன்னால் அட்டவணையைக் காட்டுங்கள்.

மாற்றுப் பணிதான் உங்கள் பள்ளிக்கு உடனடிச் சிக்கல். பணியிடம் காகிதத்தில் இரண்டாகவே இருக்கும், நடப்பில் வாரம் மூன்று நாள் ஒரே ஆள் ஐந்து வகுப்பையும் பார்ப்பார். அந்த ஒருவரும் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் பள்ளியில் யாரும் இல்லை. பெற்றோர் இதைப் பார்த்துத்தான் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றுகிறார்கள், எண்ணிக்கை இன்னும் இறங்குகிறது. அதனால் இணைப்பை எதிர்க்கும் முன் மாற்றுப் பணியை எதிர்க்கணும். அதே சட்டம் பிரிவு 25(2), ஒரு பள்ளியில் பணியமர்த்தப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்றச் செய்யக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை மட்டுமே பிரிவு 27இன்படி விலக்கு.

இணைப்பைப் பொறுத்தவரை வட்டாரக் கல்வி அலுவலர் தானாகப் பள்ளியை மூட முடியாது. அவர் கருத்துரு (எழுத்தில் பரிந்துரை) அனுப்புவார். அது மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) வழியாகத் தொடக்கக் கல்வி இயக்குநருக்குப் போகும். கருத்துரு மேலே போவதற்கு முன் உங்கள் எதிர்ப்பு அந்தக் கோப்பில் சேர்ந்திருக்கணும். ஆணை வந்த பிறகு மனு கொடுப்பது பத்து மடங்கு கடினம்.

பதில் 2: ஒன்றிய எமிஸ்

மேலே சொன்னது சரி. ஆனால் எண்ணிக்கையை அலட்சியமாக விடாதீர்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி எமிஸில் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) இருக்கிற எண்தான் பணியிட நிர்ணயத்துக்கு எடுக்கப்படுகிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் வராது, எமிஸில் உங்கள் பள்ளிப் பட்டியலில் இருக்கிற பிள்ளைதான் வரும். சின்னப் பள்ளியில் இந்த வித்தியாசம் இரண்டு மூன்று பேர் வரும், உங்களுக்கு அதுவே பெரிது.

எங்கே தவறுகிறது என்றால், பெரும்பாலும் தனியார் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம். பழைய பள்ளி அந்தப் பிள்ளையை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் நீங்கள் உங்கள் பட்டியலில் சேர்க்க முடியும். கட்டண பாக்கி என்று சொல்லி விடுவிக்காமல் இழுத்தடிப்பார்கள். பெற்றோரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண், பழைய பள்ளி, நம் பள்ளியில் வருகை தொடங்கிய நாள். அதை ஜூன் மாதத்துக்குள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தால் அங்கிருந்து விடுவிக்க நடவடிக்கை எடுப்பார்கள். ஜூலை கடைசி வாரம் போனால் எல்லாப் பள்ளியும் அங்கேதான் நிற்கும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5 அதைத் தெளிவாகச் சொல்கிறது.

அடுத்து அங்கன்வாடி. ஜூலை 31க்குள் 5 வயது முடிந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். 2026 சேர்க்கைக்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை பிறந்தவர்கள். அங்கன்வாடிப் பணியாளர் பதிவேட்டில் இந்தத் தேதிக்குள் யார் யார் என்று இந்த வாரமே எழுதி எடுங்கள். மூன்று பேர்தான் உறுதி என்கிறீர்கள், மீதி பேர் எந்த வேனில் போகிறார்கள் என்பதும் அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் பெயரே பதியாமல் இருப்பது நம் பக்கம் நிறைய. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியாது, பிரிவு 14(2). சேர்த்துவிட்டு, பெயர் பதியும் வேலையை அப்புறம் முடிக்கலாம்.

பெங்களூரு, திருப்பூர் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்களையும் கவனியுங்கள். தொடர்ந்து 30 வேலை நாள் வராத பிள்ளை பள்ளி செல்லாக் குழந்தைக் கணக்குக்குப் போய்விடும். பாட்டி வீட்டில் விட்டுச் செல்ல முடியுமா என்று மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்கள் பேசினால்தான் நடக்கும், ஆசிரியர் போன் செய்தால் நடக்காது.

பதில் 3: தொப்பூர்க் காற்று

தீர்மானத்துக்கு வருகிறேன். பிரிவு 21இன்படி அமைந்த குழு அது, முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. பெற்றோர் நான்கு பேர் கூடி எழுதிய மனுவும் குழுவின் தீர்மானமும் ஒன்றல்ல. ஆனால் "பள்ளியை மூடக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதினால் பயனில்லை. அளவு இருக்கணும், கோரிக்கை ஒன்றுதான் இருக்கணும், யாரைக் கேட்கிறோம் என்று இருக்கணும். இப்படி:

"தீர்மானம் 2. நமது பள்ளியின் அனுமதிக்கப்பட்ட இரண்டு ஆசிரியர் பணியிடங்களில் ஒருவர் டிசம்பர் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாட்கள் பிற பள்ளிக்கு அனுப்பப்படுகிறார். அந்நாட்களில் ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் நடத்த வேண்டியுள்ளது. கல்வி உரிமைச் சட்டம் 2009 பிரிவு 25(2)இன்படி இம்மாற்றுப் பணியை ரத்து செய்யுமாறு வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்டுக்கொள்கிறோம்."

இணைப்புக்குத் தனித் தீர்மானம். இரண்டையும் ஒன்றாக எழுதினால் ஒன்றுக்குப் பதில் சொல்லி இன்னொன்றை விட்டுவிடுவார்கள். அதில் தூரம்தான் உயிர். தமிழ்நாடு கல்வி உரிமை விதிகள் 2011இல் தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், உயர் தொடக்க நிலைக்கு 3 கிலோமீட்டர், அதுவும் நடந்து செல்லும் தூரம். சாலை குறுக்கே இருப்பதால் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 800, 900 மீட்டர் என்றுதான் காட்டும். ஊர்க் கடைசி வீட்டிலிருந்து அடிப்பாலம் வரை போய், அதைக் கடந்து, மறுபக்க சர்வீஸ் ரோட்டில் திரும்பி வந்து பள்ளி வாசல் வரைக்கும் போன் செயலியில் நடந்து அளங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு காலையில் நடங்கள், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். சென்டர் மீடியனில் செடி மிதிபட்டு வழி விழுந்திருக்கும் இடம் இருந்தால் போட்டோ எடுத்து இணையுங்கள். அடிப்பாலம் தூரம் என்றால் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பாய்வார்கள், ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வரும் லாரிகள் அங்கே வேகம் குறைப்பதில்லை. ஆய்வுக்கு வருபவர் ஜீப்பில் சுற்றி வந்து இறங்குவார், இந்தப் படம் இல்லாமல் அவருக்கு இது தெரியவே தெரியாது.

காலை உணவையும் சேருங்கள். 2023 ஆகஸ்ட் 25இலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. முதல் மணிக்கு முன்பே பிள்ளை பள்ளியில் இருக்கணும். வீட்டு வாசலில் இருக்கும் பள்ளிக்கு ஐந்து வயசுப் பிள்ளை அந்த நேரத்துக்கு வரும், நெடுஞ்சாலை தாண்டி வராது.

தீர்மானப் பதிவேட்டின் நகலில் வந்திருந்த உறுப்பினர்கள் எல்லாரும் கையெழுத்திட்டு, பெற்றோர் செயலியிலும் (மேலாண்மைக் குழுவுக்கான போன் செயலி) ஏற்றச் சொல்லுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை வாங்குங்கள். மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் ஒப்புகையோடு விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்). மே 1 கிராம சபையிலும் வையுங்கள். அடுத்தது ஆகஸ்ட் 15, அதற்குள் ஆகஸ்ட் 1 போய்விடும். ஊராட்சித் தலைவர் இல்லாவிட்டால் தனி அலுவலர் பொறுப்பில் கிராம சபை நடக்கும், தீர்மான எண் கேட்டு வாங்குங்கள்.

பதில் 4: அஞ்செட்டி மலை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி பக்கத்துக் குக்கிராமங்களுக்கும் இதே முறைதான். அங்கே நெடுஞ்சாலைக்குப் பதில் யானை. வனச்சரக அலுவலகத்தில் யானை நடமாட்டம், பயிர்ச் சேத விண்ணப்பங்கள் பற்றித் தகவல் கேட்டு வாங்கி இணைக்கலாம். செல்லும் வழியில் ஆபத்து இருந்தால் அதைத் தவிர்க்கும்படிதான் பள்ளி அமையவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்துக்கு மத்திய அரசு தந்த மாதிரி விதிகளிலேயே இருக்கிறது.

ஏரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. மாற்றுப் பணி ஆணையைக் காட்டச் சொன்னால் "வாய்மொழி உத்தரவு" என்கிறார்கள். என்ன செய்வது?

பழைய பதிவேடு

தகவல் உரிமைச் சட்டத்தில் 6(1) மனு போடுங்கள், ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் பதில் வராது. "ஆணையின் நகல்" என்று கேளுங்கள். "எங்கள் பள்ளியை இணைப்பது குறித்த கருத்துரு ஏதும் அனுப்பப்பட்டிருந்தால் அதன் நகல்" என்பதையும் இரண்டாவது கேள்வியாகச் சேருங்கள். 30 நாளில் பதில் வரணும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆணை இல்லை என்று எழுத்தில் வந்தால் அந்தத் தாளே உங்களுக்குப் போதும். அதைக் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32 புகாரோடு இணையுங்கள், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லணும், திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

மனுவைப் பெற்றோர் ஒருவர் பெயரில் போடுங்கள். தலைமையாசிரியர் பெயர் எந்த இடத்திலும் வேண்டாம், அவர் அந்த அலுவலகத்துக்குக் கீழேதான் வேலை பார்க்கணும்.