காது தானே எழுப்பும் ஒலி: ஏற்ற இறக்கத்தை எப்படி அலசுவது?

பொங்கோல்வாசி:
இறுதியாண்டு புராஜெக்ட். லேப்பில் இரவல் வாங்கிய மைக்கை வலது காதில் செருகி, எந்த ஒலியும் கொடுக்காமல் 5 நிமிடம் பதிவு செய்தேன். ஸ்பெக்ட்ரத்தில் (ஒலியை அலைவெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) 1450 ஹெர்ட்ஸ் பக்கம் ஊசி போல ஒரு முகடு. குதித்துவிட்டேன். ஆனால் மேற்பார்வையாளரோ, இரைச்சலைக் குறுகலாக வடிகட்டினாலும் இப்படித்தான் தெரியும், உட்செவியில் நிஜமாகவே ஏதோ அலைகிறது என்று எப்படிச் சொல்வாய் என்கிறார். வீச்சு வேறு ஏறி இறங்குகிறது. வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி) ராத்திரி 2 மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க எடுத்தது, வீணாகுமா?

ஒலிப்பித்தன்:
தம்பி, அந்த ஏற்ற இறக்கத்தில்தான் விடையே இருக்கிறது. முகட்டைச் சுற்றி ஒரு 30 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு வடிகட்டி, வரும் அழுத்த மதிப்புகளுக்கு ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்ற படம்) போடுங்கள். வெறும் இரைச்சல் என்றால் நடுவில் குவிந்து மணி போல வரும். தானாக ஆடுவது என்றால் நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு பக்கமும் உயரும். ஊஞ்சல் நடுவில் விர்ரென்று போய் ஓரங்களில்தானே கொஞ்சம் நிற்கிறது, அதே கதை. பியாலெக், விட் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் மனிதக் காதில் இதைத்தான் காட்டினார்கள். ஃபில்டர் ரொம்ப அகலமானால் மைக் இரைச்சல் பள்ளத்தை மூடிவிடும், ரொம்பக் குறுகினால் நீங்கள் அளப்பது ஃபில்டரின் மந்தத்தைத்தான்.

ஜூரோங் அக்கா:
அதற்கு முன்னால் ஒன்று. 1450 என்பது 50-இன் 29 மடங்கு, நம் சிங்கப்பூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினீர்களா? கரண்ட் ரீங்காரமும் பள்ளம் காட்டும், ஹிஸ்டோகிராம் காப்பாற்றாது. மைக்கைக் காலி சிரிஞ்சுக்குள் செருகிப் பாருங்கள், அங்கேயும் முகடு வந்தால் அது காதுடையது இல்லை. படுத்துக்கொண்டும் ஒரு பதிவு எடுங்கள், காதின் ஒலி என்றால் அலைவெண் சற்று நகரும். ஆஸ்பிரின் இந்த ஒலியை அடக்கும் என்று படித்துவிட்டு மாத்திரை போட்டுச் சோதிக்க வேண்டாம்.

பொங்கோல்வாசி:
அக்கா, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள்! சார்ஜர் செருகியேதான் இருந்தது. பிடுங்கிவிட்டு மறுபடி எடுத்தேன். சிரிஞ்சில் ஒன்றுமில்லை, காதில் இருக்கிறது, நுணுக்கிப் பார்த்தால் 1453. படுத்தால் சில ஹெர்ட்ஸ் மேலே போகிறது. பள்ளமும் விழுந்தது, ஆழம்தான் பத்தவில்லை.

ஒலிப்பித்தன்:
ஆழம் குறைவது மைக் இரைச்சலால் இருக்கலாம், ஃபில்டரைக் கொஞ்சம் குறுக்கிப் பாருங்கள். அப்புறம் ஹில்பர்ட் மாற்றம் என்ற கணக்கைப் போட்டு வீச்சையும் கட்டத்தையும் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) தனித்தனியே பிரியுங்கள். வீச்சை இரைச்சல் தள்ளினாலும் பழைய அளவுக்கே திரும்பிவிடும். கட்டம் திரும்பாது, குடிகாரன் நடை மாதிரி விலகிக்கொண்டே போகும், முகட்டுக்கு அந்தச் சிறு அகலம் வருவது பெரும்பாலும் அதனால்தான். இடது காதில் எடுத்தீர்களா?