கொள்ளிடத்துக்கு வடக்கே கிடக்கும் கடல்

கல்லாகிப்போன பழைய கடலுயிர்களைப் பார்த்த மூவர் எழுதுகிறார்கள்.

திருவாரூரிலிருந்து:

எங்கள் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான் வரும், பாறையைப் பார்க்க முடியாது. அதனால் தொல்லுயிர் எச்சம் என்றால் எனக்குப் பாடப்புத்தகப் படம்தான். விலங்கியல் முதுகலை படித்தபோது பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு அழைத்துப் போனார்கள். மழை அரித்து ஓடை ஓடையாகப் பிளந்த களிமண் மேடுகள். வெயிலில் ஜிப்சத் துண்டுகள் கண்ணைப் பறித்தன. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடிச் சேறு.

காலடியில் சுண்டுவிரல் போல ஒரு கல், ஒரு முனை கூராக. வேர்த்துண்டு என்று நினைத்தேன். உடைந்த பக்கத்தைத் திருப்பினால், நடுவிலிருந்து சுற்றிலும் மெல்லிய கோடுகள், வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி. "பெலம்னைட். கணவாய்க்குப் பங்காளி முறை" என்றார் பேராசிரியர்.

சட்டென்று வேளாங்கண்ணிக் கடற்கரை ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அங்கே பொறுக்கி வந்து லவ் பேர்ட்ஸ் கூண்டில் செருகுவோமே, அந்தக் கணவாய் ஓடு! நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்பார்கள். அது அவ்வளவு லேசாக இருப்பதற்குக் காரணம் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் நுண்ணறைகள். அவற்றில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மிதப்பைச் சரிசெய்கிறது. பெலம்னைட்டுக்கும் அறைகள் உண்டு. நான் எடுத்தது, அவற்றுக்குப் பின்னால் வால்பக்கம் எடைகட்டியது போல இருந்த பகுதி. முன்னோர்களுக்கு வெளியே இருந்த ஓடு இந்தக் கிளையில் சதைக்குள் போய்விட்டது. அதற்கான சாட்சி என் உள்ளங்கையில் இருந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

கும்பகோணத்திலிருந்து:

எங்கள் வீட்டுப் பூஜையில் ஒரு சாளக்கிராமம் உண்டு, நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்தது. அம்மோனைட் என்ற பழைய கடலுயிரின் படங்களைப் பார்த்த பிறகு ஒருநாள் அதன் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரம் என்று நாங்கள் சேவித்தது சுருள் ஓட்டின் வரிகள். இதுவும் கணவாயின் உறவுதான், ஆனால் ஓட்டை வெளியே சுமந்த கூட்டம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அழிந்தது. பாட்டியிடம் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "பெருமாள் சமுத்திரத்துலதானேடா பள்ளிகொண்டிருக்கார்" என்று சொல்லிவிட்டுத் திருமஞ்சனத்தைத் தொடர்ந்தாள்.

அரியலூர் எல்லையிலிருந்து:

நான் தொல்லுயிர் எச்சங்களைப் பார்த்தது கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். சிமெண்டுக்கு வெட்டும் அந்தக் கல்லில் கிரைஃபியா சிப்பிகள் படுகை படுகையாக இருக்கின்றன. ஒரு ஓடு கிண்ணம் போலக் குழிந்து கனமாக இருக்கும், மற்றது தட்டையான மூடி. கிண்ணம் போன்ற ஓடு கீழே இருக்கும்படி மெத்தென்ற சேற்றில் அப்படியே கிடந்து வாழ்ந்தவை. போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: கல்லை எடுப்பதற்கு முன், அது கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதுதான் அந்தச் சிப்பி எப்படி வாழ்ந்தது என்று சொல்லும். நான் முதலில் எடுத்த நான்கைப் படம் எடுக்காமலே பையில் போட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.