தினமும் ஓடும் போலோவுக்கு எந்த ஷாக், எவ்வளவு இறக்கம்?

பொள்ளாச்சிப் பயணி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் போலோ 1.5 டீசல் கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன். மாதத்தில் ஓரிரு முறை மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, பெட்டிகள் என்று முழுச் சுமையுடன் வெளியூர்ப் பயணமும் உண்டு. முன்பக்க இடது ஷாக்கிலிருந்து (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) எண்ணெய் வழிந்து, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் அடி வரை இறங்கியிருக்கிறது. பின்பக்க டயர்களைத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பது விரலுக்கே தெரிகிறது. நான்கு ஷாக்குகளையும் மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். பட்டறையில் எப்படியும் ஸ்ட்ரட்டைக் கழற்றத்தான் போகிறார்கள் என்பதால், அதே கூலியோடு வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்குகளையும் போட்டுவிடலாமா என்ற ஆசை எழுந்திருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

நாற்பது வளைவு

தாராளமாகப் போடுங்கள். நான் போலோ பெட்ரோல் வண்டியில் 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற குட்டை ஷாக்குமாக மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, அதன் பிறகுதான் அடுத்த திருப்பத்துக்குத் தயாராகும். இப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடன் வருகிறது. இறக்கினால் வண்டி கெட்டுவிடும் என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது, கம்பெனி ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்துவிட்டு ஓட்டிய வண்டிகளைத்தான். அறுத்த முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. ஷாக்கோ பழைய நீளத்தில் இருக்கும். அது வேறு, முழுத் தொகுப்பாக மாற்றுவது வேறு. பில்ஸ்டைன் நிறுவனத்தின் ஷாக்குகளில் பி8 என்பது தாழ்த்திய வண்டிக்கென்றே உடலைக் குட்டையாக்கிச் செய்த ஷாக். அதோடு ஐபாக் புரோ கிட் போன்ற, வண்டியை இறக்கும் ஸ்பிரிங்கைச் சேர்த்தால் நாள்தோறும் ஓட்டுவதற்கு ஒரு குறையும் இராது.

எண்ணெய்க்கறை

பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சஸ்பென்ஷன் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை நான் மறுக்கிறேன். ஸ்பிரிங்கை அறுப்பது தவறு என்பதில் தம்பியோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் நல்ல தொகுப்பாகவே இருந்தாலும், இறக்குவதில் முதலில் இழப்பது சக்கரம் மேலே ஏறுவதற்கு இருக்கும் இடத்தைத்தான். நிற்கும் நிலையிலிருந்து, கடைசியில் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பைத் தொடும் வரை 60 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மி.மீ. இறக்கினால் மீதம் 30 மி.மீ.தான். ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், பாதித் தூரத்தில் அதே குழியின் அடியைத் தாங்க ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானது என்றே கொண்டாலும், பழைய தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதி அடி ரப்பருக்கும், ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்கும் டாப் மவுண்டுக்கும், பயணிகளின் முதுகுக்கும் போகிறது. பொள்ளாச்சி நண்பருக்குப் பின்சீட்டில் வயதான அம்மா உட்காருகிறார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

குட்டை ஷாக் இதைத் தீர்க்காது. பிஸ்டன் அடியில் முட்டாமல் அது காக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடத்தை அது உண்டாக்கித் தராது.

அளவுகோல்

இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது, 30 மி.மீ. என்ற எண்ணைப் பற்றியது. ஐரோப்பிய நிறுவனங்களின் பட்டியலில் உள்ள இறக்க அளவு ஐரோப்பாவில் விற்ற வண்டியின் உயரத்திலிருந்து கணக்கிட்டது. இங்கே 2010 முதல் 2022 வரை விற்ற போலோ நம் சாலைகளுக்காக உயர்த்தி அமைக்கப்பட்டது. தரை இடைவெளி சுமார் 165 மி.மீ. ஆகவே அதே ஸ்பிரிங் இங்குள்ள வண்டியை 30ஐ விடக் கூடுதலாகவே இறக்கும். அச்சுச் சுமைக்கேற்ப ஸ்பிரிங்கின் பட்டியல் எண்ணும் மாறும். டீசல் இன்ஜின் கனமானது என்பதால் பெட்ரோல் வண்டிக்கான முன் ஸ்பிரிங்கை வாங்கினால் முகம் இன்னும் தொங்கும்.

இரண்டாவது, ஷாக்கைப் பற்றியது. ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால், அசைவை முன்போல அடக்குவதற்கு ஷாக்கின் தடுக்கும் விசை ஏறத்தாழ 14 சதவீதம் கூட வேண்டும். ஏனென்றால் அது கடினத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. பழைய ஷாக்கின் மேல் புதிய ஸ்பிரிங்கை மட்டும் ஏற்றுகிறவர்களின் வண்டி குதிப்பதற்குக் காரணம் இதுதான்.

நாற்பது வளைவு

அளவுகோல் சொன்னதை ஏற்கிறேன். வாங்குமுன் பட்டியல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் எண்ணெய்க்கறை அண்ணாவின் கணக்கு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் 60 மி.மீ. முழுவதும் ஏறுவதாகக் கொள்கிறது. குழியைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறவருக்கு அது பொருந்தாது.

இறக்கிய வண்டி வேகத்தடையில் அடிதட்டும் என்று பலர் சொல்லும் அச்சமும் மிகை என்றே நினைக்கிறேன். இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 99 நெறிமுறையின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்காக அமைத்தது. போலோவின் இரு அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மீட்டர். அந்த வளைவின் மேல் வண்டி நிற்கும்போது நடுவயிற்றுக்குக் கீழே எழும் மேடு நாலரை சென்டிமீட்டர் அளவுதான். தரை இடைவெளி 165 மி.மீ.இல் 30 போனாலும் 135 இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள், எங்கே தட்டும்?

எண்ணெய்க்கறை

கணக்கு சரிதான் தம்பி, நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் நெறிமுறைப்படி கட்டிய வேகத்தடை எத்தனை இருக்கிறது? ஊருக்குள் பள்ளிக்கூட வாசலில் ஒரே இரவில் ஊற்றிய தார் மேடு ஒன்றரை அடி அகலத்தில் முக்கால் சாண் உயரம் இருக்கும். அதைக் கடக்கையில் இரு அச்சுகளுக்கும் நடுவே அந்த மேட்டின் முழு உயரமும் வந்து நிற்கும். வண்டியில் ஐந்து பேர் இருந்தால் நிற்கும் உயரமும் குறைந்துவிடும். முன்சக்கரம் மேட்டிலிருந்து இறங்கும்போது மூக்கு இன்னும் கொஞ்சம் அமுங்கும். முதலில் உரசுவது இன்ஜினின் எண்ணெய்த் தொட்டி. சென்ற ஆண்டு மட்டும் அப்படிப் பிளந்த தொட்டிகளோடு மூன்று வண்டிகள் என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டன.

வளைவில் கிடைக்கும் பயனையும் அளந்துதான் பேச வேண்டும். ஈர்ப்பு மையம் 55 சென்டிமீட்டரில் இருந்தால் 3 சென்டிமீட்டர் இறக்குவதால் சுமைப் பெயர்ச்சி, அதாவது வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் சுமை, ஐந்தரை சதவீதம் குறையும், அவ்வளவே. போலோவின் முன்பக்கத்தில் உள்ள மாக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வண்டி சாயும் மையம் ஈர்ப்பு மையத்தை விட வேகமாகக் கீழே போகிறது. அதனால் இரண்டுக்கும் இடையிலான தூரம், அதாவது சாய்க்கும் கரத்தின் நீளம், கூடுகிறது. தம்பிக்குக் கிடைத்த நிமிர்வு உயரம் குறைந்ததால் வந்ததன்று, கடினமான ஸ்பிரிங்கிலிருந்தும் புதிய ஷாக்கிலிருந்தும் வந்தது. அதில் பெரும்பகுதியை உயரத்தைத் தொடாமலே பெறலாம்.

சங்கு வளையம்

சட்டத்தையும் ஒரு வரி நினைவூட்டுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 182ஏ(4) பிரிவு அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. உயரம் பதிவுச் சான்றிதழில் இல்லை என்று வாதாடலாம். ஆனாலும் எதைச் செய்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

பொள்ளாச்சிப் பயணி

அனைவருக்கும் நன்றி. என் வண்டியில் உண்மையில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை எப்படி அறிவது? பொதுக் கணக்கை வைத்து முடிவெடுக்க மனம் ஒப்பவில்லை.

எண்ணெய்க்கறை

நல்ல கேள்வி. பின்பக்க ஷாக்கின் தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டில் வயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றை இறுக்கி, தண்டின் அடிவரை தள்ளிவிடுங்கள். தண்டு உள்ளே போகும்போது ஷாக்கின் வாய் அந்த டேக்கை மேலே தள்ளும். திரும்பும்போது அது அங்கேயே நின்றுவிடும். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு, டேக்கிலிருந்து பம்ப் ஸ்டாப் வரை அளந்தால் நீங்கள் பயன்படுத்தாமல் விட்ட தூரம் தெரியும்.

நாற்பது வளைவு

அந்தச் சோதனை நல்லது. ஆனால் செத்த ஷாக்கில் செய்தால் தண்டு தேவைக்கு மேல் உள்ளே போகும். புதிய ஷாக் போட்ட பிறகுதான் அளக்க வேண்டும். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கம்பெனி உயரத்துக்கான பி6 வகையை வாங்கிவிட்டு, நாளை 30 மி.மீ. இறக்க நினைத்தால் மீண்டும் பி8க்குச் செலவழிக்க வேண்டும். பி8ஐக் கம்பெனி ஸ்பிரிங்கோடு போட்டாலோ, சக்கரம் குழிக்குள் இறங்கும்போது தண்டு முழு நீளத்துக்கும் இழுபட்டு மேலே தட்டும். ஆகவே முதலிலேயே முடிவு செய்தால் பணம் மிச்சம்.

எண்ணெய்க்கறை

இதில் தம்பி சொல்வது முழுக்கச் சரி. அளப்பதற்குமுன் ஷாக் வேண்டும், ஷாக் வாங்குவதற்குமுன் அளவு வேண்டும். அதனால்தான் என் ஆலோசனை கேஒய்பி எக்செல்-ஜி அல்லது பில்ஸ்டைன் பி4 போன்ற, மூல வண்டிக்கு நெருக்கமான ஷாக். விலையும் குறைவு, பிறகு மனம் மாறினாலும் இழப்பு சிறிது. அதிக அழுத்த வாயு நிரப்பிய ஒற்றைக் குழாய் (மோனோட்யூப்) வகையான பி6 மலைச்சாலையில் உறுதியாக நிற்கும், ஆனால் சிறு சிறு ஒட்டுப்போட்ட சாலையில் கைக்கு ஒவ்வொரு தையலும் தெரியும்.

எதை வாங்கினாலும் மாட்டும்போது அருகில் நில்லுங்கள். நான் தொழில் பழகிய காலத்தில், மேல் நட்டை முறுக்கும்போது தண்டு சுற்றுகிறதென்று பைப் ரிஞ்சால் அதைக் கவ்விப் பிடித்து ஒரு புதிய ஷாக்கைக் கெடுத்தவன் நான். பல்லால் கடித்த வடுபோலக் குரோமில் நான்கு கோடுகள். மூன்றே வாரத்தில் அந்தக் கோடுகள் சீலை அறுத்து எண்ணெய் வழிந்தது. தண்டின் தலையில் உள்ள அறுகோணத்தில் சாவியைப் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் நட்டை இறுக்க வேண்டும். டாப் மவுண்டையும் அதன் பேரிங்கையும் அப்போதே மாற்றுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போது இறுக்கினால்தான் ரப்பர் முறுக்காமல் நெடுநாள் இருக்கும். பிறகு வீல் அலைன்மென்ட்.

பொள்ளாச்சிப் பயணி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு நான்கு பி4 ஷாக்குகளும் முன்பக்க டாப் மவுண்டுகளும் போட்டேன். பைப் ரிஞ்சை எடுக்கப்போன பையனை நான்தான் நிறுத்தினேன். பின்பக்கத்தில் டேக் கட்டி அளந்ததில், தனியாக வேலைக்குப் போய்வந்த வாரத்தில் 44 மி.மீ. மிஞ்சியது. குடும்பத்தோடு பழநிக்குப் போய்த் திரும்பிய அன்று மிஞ்சியது 19 மி.மீ.

நாற்பது வளைவு

அப்படியானால் 30 உங்களுக்கு இல்லை. என் வண்டியில் பின்சீட்டு பெரும்பாலும் காலியாகத்தான் ஓடுகிறது, நான் என் முடிவில் இருக்கிறேன். சாய்வு இன்னும் உறுத்தினால் ஸ்பிரிங்கைத் தொடாமல், தேய்ந்த பின் டயர்களை மாற்றிவிட்டு ஒருமுறை ஆழியாறு பக்கம் வந்து பாருங்கள்.

பொள்ளாச்சிப் பயணி

டயர்கள் வரும் சனிக்கிழமை மாறுகின்றன. அதன் பிறகும் டேக்கைக் கழற்றாமல் வைத்திருக்கப் போகிறேன்.