வைரத்தோடு ஆன்லைனில் வாங்கலாமா?

கேள்வி:
அக்கா மகள் கல்யாணத்துக்கு ஏழு கல் தோடு எடுக்கணும். எங்கள் ஊர்க் கடையைவிட ஆன்லைனில் நன்றாகவே விலை குறைகிறது, ஆனால் கல்லைக் கண்ணால் பார்க்காமல் இவ்வளவு பணத்தைப் போடலாமா என்று வீட்டில் ஒரே சண்டை. வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
முதலில் இயற்கை வைரமா, லேபில் வளர்த்ததா என்று பாருங்கள். விலை குறைவுக்குப் பாதி நேரம் அதுதான் காரணம். கடையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டரை வைத்து 'பீப்' சத்தம் காட்டுவார்களே, அது இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அடிக்கும். அதனால் நேரில் பார்த்தாலும் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் தெரியாது.

பதில் 2:
வைரத்தைத் தரம் பார்க்கும் ஆய்வகங்களான ஜிஐஏ, ஐஜிஐ தரும் சான்றிதழ் என்றால் அதன் எண்ணை அந்த ஆய்வகத்தின் தளத்திலேயே போட்டுப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் பிடிஎஃப்பை நம்பாதீர்கள். ஒற்றைக்கல் மோதிரத்தில் பெரும்பாலும் கல்லின் விளிம்பிலேயே அந்த எண்ணை லேசரில் பொறித்திருப்பார்கள், லூப் (நகைக்கடைப் பூதக்கண்ணாடி) வைத்தால் தெரியும். ஏழு கல் தோட்டில் கல் சிறிசு, பொதுவாக நகை முழுக்க ஒரே சான்றிதழ்தான். அதில் மொத்த எடையைப் பாருங்கள், 100 சென்ட் ஒரு காரட். தங்கத்துக்கு எச்யுஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு இருக்கும், அதை அரசின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

பதில் 3:
எல்லாம் சரி, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டீர்களா? என் தங்கை வாங்கிய இடத்தில் பணம் கிடையாது, வேறு நகைதான் என்றார்கள். அப்புறம், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள்.