4எஸ் பேட்டரி போட்டதிலிருந்து டெல்டா விமானம் வானத்தில் செத்துச் செத்துப் பிழைக்கிறது: ஈஎஸ்சி மாற்றினால் போதுமா?

கண்மாய்க்காரன் | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஊர்க் கண்மாய் வறண்டு கிடக்கிற மாசங்கள்ல மட்டும் ரிமோட் விமானம் பறக்க விடுறவன் நான். தண்ணி வந்துட்டா சாலிடரிங் அயர்னோட வீட்டுக்குள்ள உக்காந்துருவேன்.

விமானம்: இ.பி.பி. ஃபோம்ல நானே வெட்டின டெல்டா, இறக்கை 80 செ.மீ., பின்னாலிருந்து தள்ளுற மோட்டார். 2212 சைஸ், 2200 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு அத்தனை சுற்று), 6×4 புரொப் (விசிறி: 6 இன்ச் விட்டம், 4 இன்ச் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறுற தூரம்), 40 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்). ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட், ஐஏ6பி ரிசீவர். எல்லாம் சேர்த்து 650 கிராம். ஒரு வருஷமா 3எஸ் (மூணு செல்) 2200 எம்ஏஹெச் பேட்டரியில சொன்ன பேச்சு கேட்டுட்டு இருந்துச்சு.

போன மாசம் ஆசை யாரை விட்டது? 4எஸ் 1500 ஒண்ணு (45சி-ன்னு போட்டிருக்கு, எவ்வளவு கரண்ட் தரும்கிற அளவு) செகண்ட் ஹேண்டா வாங்கினேன். கையோட கையா, எலிவானை (இறக்கையோட பின்னோர மடல்) அசைக்கிற 9 கிராம் பிளாஸ்டிக் கியர் சர்வோ ரெண்டையும் தூக்கிட்டு மெட்டல் கியர் போட்டேன். முதல் த்ரோவிலேயே கவண்கல் மாதிரி போச்சு. அதுக்கப்புறம்தான் சனி பிடிச்சுது.

ஃபுல் த்ராட்டில்ல 15, 20 செகண்ட் போனதும் மோட்டார் பொசுக்குன்னு நிக்குது. ஸ்டிக்கைக் கீழ இறக்கி மறுபடி ஏத்தினா ஓடுது. இது ஒவ்வொரு தடவையும் நடக்குது. இன்னொண்ணு ஒரே தடவைதான் நடந்துச்சு, ஆனா அதுதான் பயமா இருக்கு: வேகமா திரும்பும்போது மோட்டாரும் போச்சு, எலிவானும் கேக்கல. ஒரு செகண்ட் இருக்கும். திரும்பக் கைக்கு வர்றதுக்குள்ள சீமைக்கருவேலத்துக்குள்ள சொருகிடுச்சு. மூக்கு நசுங்கினதைக் கொதிதண்ணி ஊத்தி நிமித்திட்டேன். முள்ளு எடுத்ததுதான் பெரிய வேலை.

60 ஆம்ப் ஈஎஸ்சி வாங்கினா தீந்துருமா? வீட்ல ஏற்கனவே கணக்கு கேக்குறாங்க, அதான் வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன்.

ஃபுல் த்ராட்டில் | ஞாயிறு, இரவு 10:05

ப்ரோ, ஈஎஸ்சி-ல லோ வோல்டேஜ் கட்-ஆஃப் (பேட்டரி வோல்டேஜ் விழுந்தா மோட்டாரை நிறுத்துறது) இருக்கும். ஈஎஸ்சி செட்டிங் மாத்துற புரோகிராம் கார்டுல அதை ரொம்பக் குறைச்சு வச்சுடுங்க. நிக்கவே நிக்காது 😎

லூஸ் கனெக்‌ஷன் | ஞாயிறு, இரவு 10:31

தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற கதை அது. அடுத்த நாலு ஃப்ளைட்ல பேட்டரி அப்பளமா உப்பிரும்.

கண்மாய்க்காரரே, நீங்க சொன்னது ஒரு நோய் இல்ல, ரெண்டு. மோட்டார் மட்டும் நின்னு சர்வோ வேலை செஞ்சா, ஈஎஸ்சி வேணும்னே நிறுத்துதுன்னு அர்த்தம். ஒண்ணு வோல்டேஜ் விழுந்திருக்கும், இல்ல சூடு. மோட்டாரும் சர்வோவும் சேந்து போச்சுன்னா ரிசீவருக்கே சாப்பாடு போகல. அது பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் தர்ற பகுதி, ஈஎஸ்சி-க்குள்ளயே இருக்கும்) பக்கம். ஒரு பொருளை வாங்கி ரெண்டையும் தீக்கலாம்னு நினைக்காதீங்க.

ரெண்டு அளவு எடுத்துட்டு வாங்க. வாட் மீட்டர் வச்சு 3எஸ், 4எஸ் ரெண்டுலயும் ஃபுல் த்ராட்டில்ல ஆம்ப், வோல்ட். விமானத்தை நல்லாக் கட்டிப்போட்டு, புரொப் சுத்துற தளத்துக்கு நேரா யாரும் நிக்காம செய்யுங்க. அப்புறம், புரொப்பைக் கழட்டிட்டு, 4எஸ் ஃபுல் சார்ஜ்ல ரெண்டு ஸ்டிக்கையும் மூணு நிமிஷம் விடாம கிண்டுங்க. ஐ6 திரையில ‘இன்ட் வி’-ன்னு ஒண்ணு காட்டும், அது ரிசீவருக்குப் போற வோல்டேஜ். எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. அப்படியே ரிமோட்டை ஆஃப் பண்ணி, மோட்டார் நிக்குதான்னும் பாத்துருங்க.

கோவைக் குருவி | திங்கள், காலை 7:12

பேட்டரி மாத்தினதுல சி.ஜி. (எடை மையம்) பின்னாடி போயிருக்குமோங்க? டெல்டாவுக்கு அரை இன்ச் தள்ளிப்போனாலே திருப்பத்துல சுருண்டு விழுந்துரும்ங்க. எனக்கு ஆகியிருக்குது.

கண்மாய்க்காரன் | திங்கள், காலை 7:40

இல்லண்ணே, அதை முதல்லயே பாத்தேன். 3எஸ் 2200-ம் 4எஸ் 1500-ம் எடை கிட்டத்தட்ட ஒண்ணுதான். சி.ஜி. பழைய இடத்துலயே இருக்கு.

தஞ்சாவூர்க்காரி | திங்கள், மதியம் 1:20

தலைப்புக்கு வெளியே ஒரு வார்த்தை. வேகத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி அரசோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்துல உங்க கண்மாய் என்ன நிறம்னு பாத்துக்கோங்க. பச்சைன்னா 400 அடி உயரம் வரைக்கும் முன் அனுமதி தேவையில்ல. எங்க ஊர்ல விமானப்படைத் தளம் இருக்கிறதால நான் பறக்கவிட பஸ் ஏறித்தான் போகணும். இறக்கையை மடியில வச்சுக்கிட்டு.

கண்மாய்க்காரன் | செவ்வாய், இரவு 8:55

பச்சைதான் மேடம், பாத்துட்டேன். அளவும் எடுத்தாச்சு:

3எஸ்: 26 ஆம்ப், 11.0 வோல்ட்.
4எஸ்: 43 ஆம்ப், 13.0 வோல்ட். பத்து செகண்ட்ல 12.4-க்கு இறங்கி, மோட்டார் நின்னுடுச்சு. வானத்துல நின்ன அதே மாதிரி. கார்டுல பாத்தா கட்-ஆஃப் செல்லுக்கு 3.2 வோல்ட், ‘ஹார்டு’ன்னு இருக்கு. மோட்டார்ல வார்னிஷ் கருகுற வாடை லேசா.

இன்ட் வி: சும்மா இருக்கும்போது 5.0. கிண்டும்போது 4.4. ரெண்டரை நிமிஷத்துல 3.9-ன்னு ஒரு தடவை காட்டுச்சு, சர்வோ ரெண்டும் துடிச்சு நின்னு, திரும்ப வந்துச்சு. ஈஎஸ்சி-யைத் தொட முடியல. புரொப் சுத்தவே இல்லாம இவ்வளவு சூடா? ரிமோட்டை ஆஃப் பண்ணினா மோட்டார் நிக்குது, அது ஒண்ணுதான் உருப்படி.

தெர்மாகோல் மாமா | செவ்வாய், இரவு 9:30

தம்பி, 43 ஆம்பைப் பார்த்து ஆச்சரியப்படாதே. புரொப் வாங்குற சக்தி சுற்றோட மூணாம் அடுக்கில ஏறும். மூணு செல்லை நாலாக்கினா வோல்டேஜ் 1.33 மடங்கு. சக்தி கணக்குல 2.4 மடங்கு, ஆம்ப் 1.8 மடங்கு. 26-ஐ 1.8-ஆல பெருக்கு, கிட்டத்தட்ட 47 வரும். உன் பேட்டரி தொங்கிப்போனதால 43-ல நின்னிருக்கு. 16.8-லிருந்து 13-க்கு விழுந்திருக்குன்னா அந்தப் பேட்டரி மேல ஒட்டியிருக்கிற 45சி வெறும் ஸ்டிக்கர்தான். செகண்ட் ஹேண்டுன்னு நீயே சொல்லிட்டே.

மோட்டாரைப் பாரு. 50 கிராம் சொச்சம் எடை. என் அனுபவத்துல ஒரு கிராமுக்கு 4 வாட் கொடுத்தாலே அது மூச்சு வாங்கும். நீ 559 வாட் ஊட்டியிருக்கே. 60 ஆம்ப் ஈஎஸ்சி போட்டா ஈஎஸ்சி பிழைச்சிரும், மோட்டார் செத்துரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாத்த வேண்டியது புரொப். விட்டம் நாலாம் அடுக்கில சக்தி தின்னும், பிட்ச் ஒண்ணாம் அடுக்கிலதான். 6×4-ஐக் கழட்டிட்டு 4.75×4.75 போடு. அதே சுற்றுக்குப் பாதிச் சக்திகூட வேண்டாம். சுமை குறைஞ்சதால சுற்று ஏறும், ஏறினாலும் 30 ஆம்புக்குள்ள நிக்கும்னு நினைக்கிறேன். பிட்ச் கூடினதால வேகமும் கூடும். கையால எறியுறப்ப மட்டும் இழுவை கொஞ்சம் மந்தமா இருக்கும், நல்லாத் தள்ளி எறி. எறிஞ்ச பிறகுதான் த்ராட்டில், கை பின்னால இருக்குன்னு மறந்துடாதே.

‘ஸ்லோ ஃப்ளை’ன்னு எழுதின புரொப்பைச் சைஸ் பொருந்துதுன்னு எடுத்து மாட்டிடாதே. ஏபிசி கம்பெனி அதுக்குக் கொடுத்திருக்கிற எல்லை, 65,000-ஐ விட்டத்தால வகுத்தா வர்ற சுற்று. 6 இன்ச்சுக்கு 11,000-கூட இல்ல. அவங்களோட ‘தின் எலக்ட்ரிக்’ வகைக்கு எல்லை அதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. நீ 20,000-க்கு மேல சுத்தப்போறவன். இதழ் பிச்சுக்கிட்டுக் கத்தி மாதிரி பறந்து வரும்.

லூஸ் கனெக்‌ஷன் | செவ்வாய், இரவு 10:10

மாமா மோட்டார் கதையை முடிச்சுட்டார். இப்ப பி.இ.சி.

உங்க ஈஎஸ்சி-க்குள்ள இருக்கிறது லீனியர் வகையா இருக்கணும். அது 5 வோல்ட் தர்றதுக்கு மிச்ச வோல்ட்டை எல்லாம் சூடாக்கித்தான் தள்ளும். சர்வோ 1 ஆம்ப் இழுத்தா, 3எஸ்-ல 12.6-லிருந்து 5 போக 7.6 வாட் சூடு. 4எஸ்-ல 11.8 வாட். காத்தே புகாத ஃபோம் பொந்துக்குள்ள, அதுவும் நம்ம ஊர் வெயில்ல. மோட்டார் ஓடாமலே சுட்டது இதனாலதான். திரையில 3.9 காட்டினா நிஜத்துல அதுக்கும் கீழ போயிருக்கும். டெலிமெட்ரி (ரிசீவர் ரிமோட்டுக்குத் திருப்பி அனுப்புற அளவு) மெதுவானது, நொடிப்பள்ளம் அதுல தெரியாது.

இன்னொரு சந்தேகம். மெட்டல் சர்வோ சும்மா இருக்கும்போது முனகுதா?

கண்மாய்க்காரன் | செவ்வாய், இரவு 10:25

முனகுது! டிஜிட்டல் சர்வோன்னா அப்படித்தான்னு கடைக்காரர் சொன்னாரே?

லூஸ் கனெக்‌ஷன் | செவ்வாய், இரவு 10:41

கொஞ்சம் முனகலாம். சர்வோவையும் எலிவானையும் இணைக்கிற கம்பியைக் கழட்டிட்டுப் பாருங்க. சத்தம் நின்னுட்டா எலிவான் கீல் இறுக்கம், இல்ல கம்பி எங்கயோ உரசுது. சர்வோ நாள் முழுக்க சுவரைத் தள்ளிட்டு நிக்குதுன்னு வச்சுக்கோங்க.

தனியா ஒரு 5 வோல்ட், 3 ஆம்ப் ஸ்விட்சிங் யுபெக் (லீனியர் மாதிரி சூடாகாத தனி பி.இ.சி.) வாங்குங்க. 60 ஆம்ப் ஈஎஸ்சி விலையில கால்வாசிகூட வராது. ஈஎஸ்சி-லிருந்து ரிசீவருக்கு வர்ற மூணு கம்பியில சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து உருவி, ஸ்லீவ் போட்டு மடக்கிருங்க. வெட்ட வேண்டாம், ஊசியால நெம்பினா பின் வந்துரும். அதை உருவாம யுபெக்கையும் மாட்டினா ரெண்டு பி.இ.சி-யும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்.

கண்மாய்க்காரன் | ஞாயிறு, மாலை 6:50

கம்பியைக் கழட்டினதும் முனகல் நின்னுடுச்சு. மூக்கு நிமித்தினப்ப ஹாட் க்ளூ வழிஞ்சு கீல்ல ஒட்டியிருக்கு, வலது பக்கம். சுரண்டிட்டேன். யுபெக் போட்டாச்சு. இப்ப எவ்வளவு கிண்டினாலும் 5.0, 4.9-தான்.

4.75×4.75 போட்டு அளந்தேன்: 29 ஆம்ப், 14.2 வோல்ட். மாமா வாய்க்குச் சர்க்கரை போடணும்.

இன்னைக்கு சாயங்காலம் பறக்க விட்டேன். மோட்டார் நிக்கவே இல்ல. ஆனா புதுசா ஒண்ணு: மேலிருந்து சரிச்சு இறக்கும்போது ‘ப்ர்ர்ர்ர்’ன்னு சேலை கிழியுற சத்தம். த்ராட்டிலைக் குறைச்சதும் நின்னுடுச்சு. மோட்டார் பேரிங்கா?

தெர்மாகோல் மாமா | ஞாயிறு, இரவு 7:35

பேரிங் இல்ல தம்பி, ஃப்ளட்டர். எலிவான் காத்துல படபடக்குது. குறைச்சது நல்லதாப்போச்சு, இன்னும் ரெண்டு செகண்ட் விட்டிருந்தா எலிவான் தனியா, நீ தனியா. அந்தச் சத்தம் கேட்டதும் கை தானா த்ராட்டிலை இறக்கணும், யோசிக்கக் கூடாது.

எலிவானை எதுல வெட்டினே? இறக்கை ஃபோம்லயே வெட்டியிருந்தா அதுதான் வினை. விரலால முனையைப் பிடிச்சு முறுக்கிப் பாரு, வெத்தலை மாதிரி மடங்கும். 5 மி.மீ. பால்சாவுல புதுசா வெட்டி, பின் ஓரத்தைச் சீவி மெலிசாக்கு. கம்பியைச் சர்வோ கையில உள் துளையிலயும், எலிவான் கொம்புல வெளித் துளையிலயும் மாட்டு. அசைவு குறையும், பிடி கூடும், ஆட்டம் சுருங்கும். இந்த வேகத்துக்கு உனக்கு அவ்வளவு அசைவு தேவையுமில்ல.

மெட்டல் கியர்னா உறுதின்னு நினைச்சு மாத்தியிருப்பே. விலை குறைஞ்ச மெட்டல் கியர்ல பல்லு பல்லோட சரியா உக்காராது, பிளாஸ்டிக்கைவிட ஆட்டம் அதிகம். பழைய சர்வோவைத் தூக்கிப் போடலியே? எலிவானைச் சர்வோவோட சேத்து லேசா ஆட்டி, ரெண்டுல எது கம்மியா ஆடுதோ அதைப் போடு.

தஞ்சாவூர்க்காரி | ஞாயிறு, இரவு 8:15

வேகம் எவ்வளவுன்னு தெரியணுமா? ஜிபிஎஸ் எல்லாம் வேண்டாம். ஃபோனைத் தரையில வச்சு வீடியோ ஓடவிட்டு, அதுக்கு மேலயே தாழ்வா, நேரா ஒரு பாஸ் போடுங்க. சத்தத்தை அலைவெண் காட்டுற ஆப்ல போட்டு, வரும்போது எவ்வளவு, போகும்போது எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. ரெண்டோட வித்தியாசத்தை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்து, ஒலி வேகத்தால பெருக்கினா வேகம். நம்ம ஊர் 30 டிகிரி வெயிலுக்கு ஒலி வேகம் வினாடிக்கு 349 மீட்டர். பிளஸ் டூ-வுக்கு டாப்ளர் விளைவு நடத்துறப்ப ரயில் ஹாரனை விட்டுட்டு இதைத்தான் சொல்றேன், பின்பெஞ்சும் நிமிந்து உக்காருது.

கண்மாய்க்காரன் | அடுத்த சனி, இரவு 7:20

பால்சா எலிவான், பழைய பிளாஸ்டிக் சர்வோ (ஆட்டிப் பாத்தேன், மாமா சொன்னதுதான்). ‘ப்ர்ர்ர்’ சுத்தமா இல்ல.

மேடம் சொன்ன மாதிரி பாஸ் போட்டேன். வரும்போது 892, போகும்போது 725 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 36 மீட்டர், அதாவது மணிக்கு 130 கி.மீ. காத்து அவ்வளவா இல்ல. அதே அலைவெண்ணிலிருந்து சுற்றும் வருதே! நடுவுல 800, ரெண்டு இதழ் புரொப், அப்ப நிமிஷத்துக்கு 24,000. அந்தச் சுற்றுக்கு 4.75 பிட்ச் 174 கி.மீ. போகணும். பாக்கி 44 எங்க போச்சு?

தெர்மாகோல் மாமா | சனி, இரவு 8:02

கொஞ்சம் எப்பவும் போகும், புரொப் வழுக்காம இழுக்காது. மிச்சம் உன் விமானத்து மேலயே இருக்கு, தடவிப் பாரு. வெளியே தொங்குற ஈஎஸ்சி கம்பி, நீட்டிட்டு நிக்குற சர்வோ கை, சொரசொரன்னு ஃபோம், ஓரத்துல பிரிஞ்சு நிக்குற டேப். இறக்கைக்கு மெலிசான லேமினேஷன் ஃபிலிம் அயர்ன் பண்ணு, சூடு குறைச்சலா வச்சு. மோட்டார் இறங்கி வந்ததும் எவ்வளவு சூடு?

கண்மாய்க்காரன் | சனி, இரவு 8:10

அஞ்சு செகண்ட் விரல் வைக்கலாம், அதுக்கு மேல முடியாது. ஃபுல் த்ராட்டில் ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல விடுறதில்ல.

தெர்மாகோல் மாமா | சனி, இரவு 8:16

அப்படியே ஓட்டு. பேட்டரியை மட்டும் மாத்து, மோட்டாரைப் பத்தி அடுத்த கண்மாய் வறண்டப்புறம் பேசுவோம்.

கண்மாய்க்காரன் | சனி, இரவு 8:20

சரி மாமா. ஈஎஸ்சி வாங்காததால மிச்சமான காசை வீட்ல சொல்லிட்டேன், அது உடனே மளிகைக்குப் போயிடுச்சு 😀